பாதுகாப்புச் சாரதி வேலைக்குப் போகிறேன் என்கிறான் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு மகன் பாதுகாப்புச் சாரதி வேலைக்கு, அதாவது ஆபத்து வரக்கூடிய ஆட்களையும் பணத்தையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு, போகப் போவதாகச் சொல்லிவிட்டான். படித்த பிள்ளை ட்றைவர் வேலைக்குப் போவதா என்று அயலட்டையில் கேட்கிறார்கள். ஆபத்தான வேலையோ என்ற பயத்தில் உங்களுக்கு நித்திரை இல்லை. உங்களைச் சமாதானப்படுத்த அவன் சொன்னது, “எல்லாத்துக்கும் இப்ப ஜிபிஎஸ் இருக்கு அம்மா.”

வேலையைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அந்த ஒரு வசனம்தான் என்னை யோசிக்க வைத்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாக வருகிறது. அவனையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

வங்கிப் பணம் ஏற்றும் வாகனங்கள், தூதரகங்கள், ஐநா போன்ற சர்வதேச அமைப்புகள், பெரிய வர்த்தகர்கள் என்று பல இடங்களில் இந்தச் சாரதிகள் வேலை செய்கிறார்கள். காரைச் சுழற்றித் திருப்புவதெல்லாம் சினிமாவில் வருவது. உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி முதல்நாளே மேசையில் நடந்து முடிகிறது. எந்த வழியால் போவது, அது அடைபட்டால் எந்த வழி, எந்த இடத்தில் வாகனம் நிற்க வேண்டி வரும், ஏதும் நடந்தால் கிட்ட இருக்கும் பொலிஸ் நிலையம் எது, ஆஸ்பத்திரி எது. இதை எல்லாம் எழுதி, கூடப் போகிறவர்களுக்கும் சொல்லி வைத்த பிறகுதான் திறப்பைக் கையில் எடுப்பார்கள்.

முதலாம் உலகப் போரைப் பற்றி மகன் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பான். 1914 ஜூன் 28, சரயேவோ நகரம். ஆஸ்திரிய இளவரசர் பேர்டினண்டின் வாகனத் தொடர் மீது காலையில் குண்டு வீசுகிறார்கள், அவர் தப்பிவிடுகிறார். காயப்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று பாதையை மாற்றுகிறார்கள். ஆற்றங்கரை வீதியால் நேராகப் போக வேண்டும். அந்த மாற்றத்தைச் சாரதிக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படியே பாலத்தடியில் வலப்பக்கம் திரும்புகிறார். “வழி பிழை” என்று சத்தம் போட, காரை நிறுத்துகிறார். நின்ற இடத்தில், குண்டு வீசிய கூட்டத்தில் ஒருவனான பிரின்சிப் துப்பாக்கியோடு நிற்கிறான், இளவரசரைச் சுட்டுக் கொல்கிறான். போர் மூண்டது அதிலிருந்துதான். அந்தச் சாரதிக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. மாறிய பாதை அவர் கைக்கு வந்து சேரவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சரி, ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் ஓயாமல் நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு செய்மதிகளின் சைகை (சிக்னல்) கிடைத்தால் போன் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை, ஜிபிஎஸ்ஸை நடத்தும் அமெரிக்கா 2000 மே மாதத்தில் நிறுத்தியது. இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய இதே மாதிரியான செய்மதித் தொகுதிகளையும் பல போன்கள் சேர்த்துக் கேட்கின்றன. வானம் திறந்த இடத்தில் ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும்.

ஆனால் செய்மதி சொல்வது “நீ இங்கே நிற்கிறாய்” என்பதை மட்டும்தான். வீதி எது, எவ்வளவு அகலம், எங்கே திரும்பலாம் என்பதெல்லாம் வரைபடத்திலிருந்து வருகிறது. அதை மனிதர்கள் செய்கிறார்கள், பிழையும் விடுகிறார்கள். அதோடு போனில் இருக்கும் மப், அதாவது வழிகாட்டும் வரைபடச் செயலி, நேரம் குறைந்த வழியைத் தேடித் தருகிறது. ஆபத்துக் குறைந்த வழியைத் தேட அதற்குத் தெரியாது.

போன வருஷம் வடமராட்சியில் ஒரு கலியாண வீட்டுக்கு வானில் போனோம். ஐந்து நிமிடம் மிச்சம் என்று போன் ஒரு ஒழுங்கைக்குள் எங்களை விட்டது. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. கண்ணாடிகளை மடித்துக்கொண்டு ஊர்ந்தோம். முடிவில் ஒரு வீட்டுப் படலை, அதற்குப் பின்னால் ஒரு மாடு. வந்த வழியெல்லாம் ரிவேர்சில் திரும்பி வந்தோம். நாங்கள் தாலி கட்டுக்குப் பிந்தினோம், அவ்வளவுதான். அதே இடத்தில் வங்கிப் பணத்தோடு ஒரு வாகனம் நின்றிருந்தால் யோசித்துப் பாருங்கள். முன்னுக்கும் போக ஏலாது, கதவையும் முழுதாகத் திறக்க ஏலாது.

இதைப் படிக்க யாழ்ப்பாணத்தைப் போல நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம். குடாநாட்டிலிருந்து தெற்கே போகும் பெரிய வீதிகள் இரண்டே இரண்டு. ஒன்று ஆனையிறவால் போகும் ஏ9. மற்றது 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் பூநகரிக்குப் போவது. ஒன்று அடைபட்டால் மற்றதுக்குத் திரும்ப எந்த இடம் வரைக்கும் அவகாசம் இருக்கிறது? நாவற்குழியைத் தாண்டி ஏ9இல் வெகுதூரம் போன பிறகு யோசிப்பதில் பிரயோசனம் இல்லை. போரில் பாதை மூடியிருந்த காலத்தில் கிளாலிக் கடலேரியால் இரவில் வள்ளம் ஏறிய நம் தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை, தங்கச்சி. பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

வேலணைத் தீவுக்குப் போகும்போது மப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் ஒரு நீலக் கோடும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடும் வரும். பட்டணத்துக்குள் இரண்டும் வேறு வேறு வீதிகளால் போகும், கடைசியில் இரண்டும் பண்ணைப் பாலத்தில்தான் ஏறும். அப்படியென்றால் அந்தச் சாம்பல் கோட்டை மாற்றுவழி என்று எழுதக் கூடாது. வடமராட்சிக்கு வல்லைவெளியால் போக நினைத்தால் தொண்டைமானாற்று வீதி உண்மையான மாற்றுவழி, ஏனென்றால் அது நீரைக் கடக்கும் இடமே வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண்தான் இந்த வேலைக்கு வேண்டியது.

அவனுக்கு ஒரு வீட்டுவேலை தருகிறேன். ஒரு கொப்பி எடுக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு இரண்டு வழிகள் எழுத வேண்டும்: உரும்பிராயால் போகும் பலாலி வீதி ஒன்று, சுன்னாகம் பக்கத்தால் ஒன்று. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம், மத்தியானம், இரவு என்று மூன்று தரம் மோட்டார் சைக்கிளில் போய் நேரத்தைக் குறிக்கட்டும். றெயில்வே கேற் எங்கே, அதில் எத்தனை நிமிடம் நின்றான், எந்தச் சந்தியில் பஸ் நின்று வழியை மறித்தது, எந்த இடத்தில் தெருவிளக்கு இல்லை, எங்கே வாகனத்தைத் திருப்ப இடம் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடுவார்கள், அது மப்பில் வந்ததா இல்லையா என்றும் பார்க்கட்டும். இரண்டு வழிகளும் எந்தச் சந்தியில் ஒன்றுசேர்கின்றன என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அவனுக்குத் தெரிவு இல்லை. வீட்டு வாசலும் போய்ச் சேரும் வாசலும் மாற்ற முடியாதவை என்பதால், அந்த இரண்டு இடத்திலும்தான் பாதுகாப்புச் சாரதிகள் அதிகம் கவனமாக இருப்பார்கள். நேரத்தையும் வழியையும் நாளுக்கு நாள் மாற்றுவதும் இதற்காகத்தான்.

இன்னொரு விஷயம், இதைப் பெடியங்கள் கவனிப்பதில்லை. ஜிபிஎஸ் சைகையைப் போன் கேட்கிறது மட்டும்தான், செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை. ஆனால் போனில் உள்ள செயலிகள் இருக்கும் இடத்தை இணையத்தால் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி வெளியிட்ட வரைபடத்தில், இராணுவ முகாம்களுக்குள் ஆட்கள் ஓடிய தடங்கள் அப்படியே தெரிந்தது 2018இல் பெரிய செய்தியானது. ஆகவே முதலாளியின் வீட்டைக் கார் நவிகேஷனில் “வீடு” என்று பதியக் கூடாது. நேரடி இருப்பிடத்தை நண்பர்களுக்குப் பகிரக் கூடாது. சைகையைக் குழப்பும் கருவிகளும் இருக்கின்றன, அதனால் இணையம் இல்லாமல் திறக்கும் வரைபடம் போனிலும், தாளில் எழுதிய வழி சட்டைப் பையிலும் இருக்க வேண்டும்.

படிப்பு, தகுதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 18 வயதானால் இலகுரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். பாதுகாப்பு வேலைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் சில வருட ஓட்ட அனுபவம் கேட்பார்கள், அவசரப்பட வேண்டாம். அந்த வருடங்களில் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியையும் விடக் கூடாது. ஆங்கிலமும் சிங்களமும் கட்டாயம். வவுனியாவைத் தாண்டி ஒரு பொலிஸ்காரரிடம் வழி மறிப்பைப் பற்றிக் கேட்கச் சிங்களம் இல்லாமல் என்ன செய்வான்? தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பதிவு உள்ள நிறுவனமா என்று கேட்டே சேருங்கள்.

லண்டனில் இருக்கும் மாமா கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பிரித்தானியாவில் மெய்க்காப்பாளர் வேலைக்கும் பணம் கொண்டுபோகும் வேலைக்கும் எஸ்ஐஏ என்ற, பாதுகாப்புத் தொழிலைக் கண்காணிக்கும் அரச அமைப்பின் அனுமதி வேண்டும், அங்கே வேலை செய்யும் உரிமையும் வேண்டும். எந்த முகவரிடமும் காசு கொடுக்க முன்னர் அவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஏமாந்த குடும்பங்கள் என் முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள்.

ஆபத்து இல்லை என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆபத்து உண்டு. ஆனால் இந்த வேலையில் நல்லவர் என்று பெயர் எடுப்பவர், பிரச்சினை வரும் இடத்துக்குப் போகாமலே ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர். அதற்குப் பொறுமையும் எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும். உங்கள் மகனிடம் அவை இருக்கிறதா என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும், கொப்பியும் காட்டிவிடும்.

எழுதி முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். போனை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குப் பலாலி வீதியில் மரம் விழுந்துவிட்டது, இப்போது எந்த வழி என்று கேட்கப் போகிறேன்.