புக்கிட் ஜாலில் இருக்கும்போது பழைய ஸ்டேடியம் மெர்டேக்கா எதுக்கு?

கேள்வி நியாயந்தான், கோலாலம்பூர்ல இருக்குற புது தேசிய ஸ்டேடியம் புக்கிட் ஜாலில்ல எண்பதாயிரம் பேருக்கு மேல உக்காரலாம், இது அதுக்கு முன்னால சின்னப் புள்ள மாதிரி. ஆனா நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்து ரப்பர் தோட்டத்துல பொறந்தவன், எங்க வீட்டுல ஸ்டேடியம்னாலே மெர்டேக்காதான்.

இத கட்டுனதே ஒரு நாளுக்காகத்தான், மலாயாவோட சுதந்திர நாளுக்காக. ஸ்டான்லி ஜூக்ஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட், அவசர அவசரமா வேல முடிஞ்சு 1957 ஆகஸ்ட் 30 தெறந்தாங்க, மறுநாள் காலைல மொதப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 7 தடவ மெர்டேக்கா, அதாவது சுதந்திரம்னு கத்துனாரு. அன்னிக்குக் காலைல மழை பேஞ்சு நிகழ்ச்சியே லேட்டாயிருச்சு, அத ரேடியோல கேட்ட எங்க தாத்தா, மழை வந்தா நமக்குத்தான் பால்வெட்டு நிக்கும்னு பாத்தா சுதந்திரமும்ல நிக்குதுன்னு சொன்னாராம். 1963ல மலேசியா உருவானத அறிவிச்சதும் இங்கதான்.

அப்புறம் என்னதான் நடக்கல? 1975ல மட்டும் ஹாக்கி உலகக் கோப்பை பைனல் (இந்தியா 2-1ல பாகிஸ்தான ஜெயிச்சது), ஜூலைல முகமது அலி - ஜோ பக்னர் குத்துச்சண்டை, 15 ரவுண்டு போயி பாயிண்ட்ல அலி ஜெயிச்சாரு. 96ல மைக்கல் ஜாக்சன் வேற.

ஆனா எங்கப்பாவுக்கு ஒரே மேட்சுதான், 1980, தென் கொரியாவோட மலேசியா ஆடுன கால்பந்து. தோட்டத்துல லோரி புடிச்சு ஏறிப் போனாங்களாம், 2-1ல ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இடம் கெடச்சுது, ஜேம்ஸ் வோங் அடிச்ச வின்னிங் கோலுக்கு லயமே (தோட்டத்து வரிசை வீடுங்க) ரெண்டு நாள் தூங்கலையாம். கடைசில ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை புகுந்த பிரச்சனைன்னு நம்ம நாடும் பாய்காட்ல சேந்துக்கிச்சு, போகவே இல்ல. எனக்கு இன்னிக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. கோல் கீப்பர் ஆறுமுகம், நம்ம ஆளு, நீளக் கைய வச்சு ஸ்பைடர்மேன்னு பேரு, 1988ல கார் விபத்துல போயிட்டாரு.

90கள்ல இத இடிச்சிட்டு பெருசா கட்டடம் கட்டுற ப்ளான் வந்துச்சு, 97 பொருளாதார நெருக்கடில நின்னுபோச்சு, 2003ல பாரம்பரியக் கட்டடம்னு கெஜட் பண்ணாங்க. இடையில ஸ்டேடியத்தப் பெருசாக்குனதெல்லாம் எடுத்துட்டு 57ல இருந்த மாதிரியே திருப்பிக் கொண்டு வந்தாங்க, 2008ல யுனெஸ்கோ விருதும் கெடச்சுது. பக்கத்துல இப்ப நிக்கிற மெர்டேக்கா 118 கோபுரத்தோட வடிவமே துங்கு கை தூக்குனதப் பாத்துதான்னு சொல்றாங்க, 679 மீட்டர்.

புதுப்பிச்சதுக்கு அப்புறம் ஒரு தடவ அப்பாவ கூட்டிட்டுப் போனேன். லைட் கம்பம், கூரைன்னு நான் காட்டிக்கிட்டே வந்தேன், அவரு எதையும் பாக்கல, நேரா கோல் போஸ்ட்டுக்குப் பின்னால இருக்குற படில போயி உக்காந்துட்டு, "இந்தப் பக்கந்தான்டா ஆறுமுகம் நின்னான்"னு சொன்னாரு.