மகளின் சட்டப் படிப்பு குறித்து ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற மகள், சி.ஏ. படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, டிஜிட்டல் பொருளாதாரத்துக்கான சர்வதேசச் சட்டம் என்று வீட்டில் யாரும் கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வருவது அரிது. ஆனால் அந்தச் சட்டத்தால் உண்டாகும் வேலை, தரவுப் பாதுகாப்பு என்றும் வரி என்றும் வேறு பெயர்களில் சென்னையிலும் பெங்களூருவிலுமே இருக்கிறது.

சென்ற வாரம் தங்கள் மகள் வந்திருந்தபோது, அவருடைய ஆர்வம் எத்தகையது என்று அறிய ஒரு தாளைக் கொடுத்தேன். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது, எந்தெந்தச் சேவைத் துறைகளை அயல்நாட்டவருக்குத் திறந்துவிடுகிறோம் என்று உறுப்பு நாடுகள் அட்டவணை கொடுத்தன. அமெரிக்காவின் அட்டவணையில் ‘விளையாட்டு நீங்கலான பிற பொழுதுபோக்குச் சேவைகள்’ என்றொரு வரி உண்டு. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத ஆன்டிகுவா பார்புடா என்ற தீவு நாடு, தன் மண்ணிலிருந்து இணையம் வழியாக நடக்கும் சூதாட்டத்தை அமெரிக்கா தடுப்பது அந்த வரிக்கு முரணானது என்று 2003-இல் வழக்குத் தொடுத்தது. அந்த வரிக்குள் சூதாட்டம் அடங்குமா என்று தங்கள் மகளிடம் கேட்டேன். அவர் அடங்கும் என்றோ அடங்காது என்றோ சொல்லவில்லை, “இதை எழுதும்போது எந்தப் பட்டியலைப் பார்த்து எழுதினார்கள்?” என்று திருப்பிக் கேட்டார்.

2005-இல் அந்த அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு சென்ற வழியும் அதுதான். அகராதிகளைப் புரட்டி முடிவு கிடைக்காமல், அட்டவணை தயாரிப்பதற்காக நாடுகளிடம் கொடுக்கப்பட்டிருந்த வழிகாட்டுதலையும், அது சுட்டிய ஐ.நா. வகைப்பாட்டையும் பார்த்தார்கள். அதில் விளையாட்டு தனித் தலைப்பில் இருந்தது. சூதாட்டமோ 96492 என்ற எண்ணுடன் பிற பொழுதுபோக்குச் சேவைகளின் கீழ் இருந்தது. அறிந்தோ அறியாமலோ அமெரிக்கா கதவைத் திறந்துவிட்டிருந்தது. பொது ஒழுக்கத்தைக் காக்கத் தடை தேவை என்ற வாதம் எடுபட்டபோதிலும், உள்நாட்டுக் குதிரைப் பந்தயச் சூதாட்டத்துக்கும் அதே தடை சமமாகப் பொருந்துகிறது என்று நிறுவ இயலாததால், அமெரிக்காவால் முழுமையாகத் தப்ப முடியவில்லை. தீர்ப்பின்படி அமெரிக்கா நடந்துகொள்ளாத நிலையில், ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளை மதிக்காமலிருக்க 2007-இல் ஆன்டிகுவாவுக்கு வழி கிடைத்தது. ஒரு வரியை இவ்வாறு துருவிப் படிக்கும் பொறுமைதான் இத்துறையின் மூலதனம். அது தங்கள் மகளிடம் இருப்பதாக நான் கருதுகிறேன்.

ஆயினும் உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் வாதாடும் கனவை மட்டும் நம்பிப் படிக்க வைக்க வேண்டாம். புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால், அந்த மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பரிலிருந்து இயங்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் செயலகத்தில் உலகெங்கிலுமிருந்து வந்து பணிபுரிவோர் மொத்தமே சில நூறு பேர்தான். மென்பொருள், திரைப்படம் போன்றவற்றை இணையம் வழியாக அனுப்பும் மின்வழிப் பரிமாற்றங்களுக்குச் சுங்க வரி இல்லை என்ற 1998-ஆம் ஆண்டுத் தற்காலிக ஏற்பாட்டையே, இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஆட்சேபித்து வந்த நிலையில், மாநாட்டுக்கு மாநாடு நீட்டித்துத்தான் ஓட்டினார்கள்.

விதிகள் இப்போது வேறு இடங்களில் எழுதப்படுகின்றன. வியன்னாவில் சட்ட மாணவராக இருந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ், தம் தரவுகளை ஃபேஸ்புக் அமெரிக்காவுக்கு அனுப்புவதை எதிர்த்து 2013-இல் அயர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஐரோப்பியரின் தரவை அமெரிக்காவுக்கு அனுப்ப வகைசெய்த இரண்டு ஏற்பாடுகளை 2015-இலும் 2020-இலும் அடுத்தடுத்து ரத்து செய்தது. இரண்டாவது தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பியரின் தரவு தம் நாட்டுக்கு வரும்போது அதற்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று இந்திய நிறுவனங்களும் ஒப்பந்தம்தோறும் எழுதிக் காட்ட வேண்டியதாயிற்று. அதை எழுத ஆள் வேண்டுமே. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதால், உள்நாட்டு நிறுவனங்களுக்கும் அந்த ஆள் வேண்டும்.

வரி என்பது இன்னொரு வாசல், வணிகவியல் படித்த பெண்ணுக்கு மிகவும் ஏற்ற வாசலும்கூட. இந்தியாவில் அலுவலகமே இல்லாமல் இங்கே விளம்பர வருவாய் ஈட்டும் நிறுவனங்களைக் கருதி 2016-இல் 6 சதவீதச் சமப்படுத்தும் வரி (equalisation levy) விதித்தோம். 2020-இல் இணைய வணிகத்துக்கு 2 சதவீதம் சேர்த்தோம். அமெரிக்கா தன் வர்த்தகச் சட்டத்தின்கீழ் விசாரணை தொடங்கியது. முடிவில் 2 சதவீதம் 2024 ஆகஸ்டிலும், 6 சதவீதம் 2025 ஏப்ரலிலும் விலக்கப்பட்டன. எட்டொன்பது ஆண்டுகளுக்குள் ஒரு வரி பிறந்து மறைந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுவனங்கள் ஆலோசனைக்குப் பணம் கொடுத்தன.

ஆகவே இப்போது ஐந்தாண்டு பி.காம்., எல்.எல்.பி. போதும். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்ற தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கிறார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் ஒப்பந்தச் சட்டம், அரசமைப்புச் சட்டம், வரிச் சட்டம் ஆகியவற்றில் கால் ஊன்றட்டும். பிறகு உலக வர்த்தகச் சட்டத்துக்கென்றே நடக்கும் ஜான் எச். ஜாக்சன் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கல்லூரி அணியில் இடம் பிடிக்க முயலட்டும். ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியங்களை எழுதவும் வெட்டவும் பழகுவது தனியாகச் செய்ய வேண்டிய வேலை. இதில் தமிழ்வழி மாணவர்கள் பின்தங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஓராண்டுக்குள் அதைச் சரிசெய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டில் படிக்க வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டம் பெற்று, பார் கவுன்சில் தேர்வு முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபின் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலுள்ள உலக வர்த்தகக் கல்வி நிறுவனம் (World Trade Institute) போன்ற இடங்களுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த நேரத்தில் கடன் தேவைதானா என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்வார். தாங்கள் இணைத்து அனுப்பிய ஆறு மாத இணையவழி டிப்ளமோ விளம்பரத்தையும் படித்தேன். அதில் கற்பிப்பவர் யார் என்ற விவரமே இல்லை. முன்பணம் கட்ட வேண்டாம்.