புதிதாக வாங்கிய குதிரைக்குப் பழைய சேணம் பொருந்துமா?
வேறு குதிரைக்கு வாங்கிய சேணத்தைப் புதிதாக வாங்கிய மார்வாரி இனக் குதிரைக்கும் போடலாமா என்று கேட்கிறீர்கள். வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். துணி விரிக்காமல் வெறும் முதுகில், தோள்பட்டை எலும்பின் அசைவைத் தடுக்காதபடி அதற்குப் பின்னால் வையுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் பிடரி முடிகிற மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டவே கூடாது. அப்புறம் நன்றாக வியர்க்கும்வரை ஓட்டிவிட்டுக் கழற்றுங்கள். சுற்றிலும் ஈரமாக இருந்து ஒரு திட்டு மட்டும் காய்ந்து கிடந்தால் பெரும்பாலும் அங்கேதான் அழுத்துகிறது. அகலம் பத்தாத சேணத்துக்கு அடியில் தடித்த துணி போட்டால் இறுக்கம் இன்னும் கூடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குதிரை இளைத்தாலும் பெருத்தாலும் முதுகு மாறும், சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள்.