33 வயசுல நர்சிங் சேரலாமா, சிஸ்டர்?

நர்சிங் படிப்பு, வேலை பத்தி வாசகர்கள் அனுப்புற கேள்விகளுக்கு ரிட்டயர்டு நர்சிங் டியூட்டர் ஒருத்தர் பதில் சொல்ற பகுதி இது. இந்த இதழ்ல வந்திருக்கிறதெல்லாம், கையில குழந்தைங்களை வச்சுக்கிட்டு பாக்குற வேலையை விட்டுட்டு நர்சிங்குக்கு வர நினைக்கிறவங்க எழுதின கடிதங்கள்.

வணக்கம் சிஸ்டர். எனக்கு 33 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ்ல இருக்கேன், பி.காம். முடிச்சிருக்கேன், ப்ளஸ் டூல காமர்ஸ் குரூப். பையனுக்கு 9, பாப்பாவுக்கு 5. போன வருஷம் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஜிஹெச்ல இருந்தப்ப, நைட்ல ஒரு சிஸ்டர் அம்மாவைப் பாத்துக்கிட்ட விதத்தைப் பாத்ததுல இருந்து இந்த ஆசை மனசுல உக்காந்துக்கிச்சு. வீட்டுக்காரர் சரிங்கறார். மாமியார் "ரெண்டு புள்ளை பெத்தவ யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு படிக்கப் போறதா"ன்னு கேக்குறாங்க. வேலை பாத்துக்கிட்டே படிக்க முடியுமா? எனக்கு இது நடக்குமா?
- வாசகி, திருப்பூர்

நடக்கும்மா. ஆனா உங்க கையில நாள் கம்மியா இருக்கு, அதனால மாமியார் விஷயத்தை அப்புறம் பேசுவோம், முதல்ல வயசைப் பாத்துடுவோம். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம்.னு சொல்ற ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி டிப்ளமோ சேர்றதுக்கு 17-ல இருந்து 35 வயசு வரைக்கும்தான். உங்களுக்கு 33, அப்ப இந்த வருஷ அட்மிஷனும் அடுத்த வருஷமும்தான் பாதுகாப்பா கையில இருக்கு, பாப்பா கொஞ்சம் பெருசாகட்டும்னு தள்ளிப்போட்டீங்கன்னா கதவு மூடிடும். அரசு நர்சிங் ஸ்கூல்ல சேரணும்னா அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல வயசு விதியைத் தனியா ஒரு தடவை படிச்சுக்குங்க.

காமர்ஸ் குரூப்னு பயப்படாதீங்க. பி.எஸ்ஸி. நர்சிங் 4 வருஷம், அதுக்குத்தான் ப்ளஸ் டூல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி கட்டாயம், பொதுப் பிரிவுக்கு 45 சதவீதமும் வேணும், அந்த வழி உங்களுக்கு இல்ல. ஜி.என்.எம். 3 வருஷம், எந்த குரூப் படிச்சிருந்தாலும் 40 சதவீதமும் இங்கிலீஷ் பாஸும் இருந்தா போதும். சயின்ஸ் படிச்சவங்களுக்கு முன்னுரிமை உண்டு, அதனால அப்ளிகேஷனை ஒரே இடத்துல போட்டுட்டு உக்காராதீங்க. ஜி.என்.எம். முடிச்சு கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டா நீங்க முழு நர்ஸ், அப்புறம் ஆசை இருந்தா 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிச்சு டிகிரியும் வாங்கிக்கலாம். 

வேலை பாத்துக்கிட்டே படிக்க முடியுமான்னா, முடியாது, இதை நான் சுத்தி வளைச்சு சொல்ல விரும்பல. கரஸ்ல ஜி.என்.எம். கிடையாது, ஈவினிங் காலேஜ் கிடையாது. தியரி, பிராக்டிகல் ரெண்டுலயும் 80 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லாம பரீட்சை எழுத விடமாட்டாங்க, வார்டு போஸ்டிங்ல 100 சதவீதம் முடிச்சாத்தான் சர்டிஃபிகேட் கையில வரும். அதாவது பாப்பாவுக்கு காய்ச்சல்னு நீங்க மூணு நாள் லீவ் போட்டா அந்த மூணு நாளையும் பின்னாடி வந்து வார்டுல நின்னு ஈடு கட்டணும், யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுட முடியாது. குழந்தை வச்சிருந்த ஸ்டூடண்ட்ஸ் நிறைய பேருக்கு நான் கிளாஸ் எடுத்திருக்கேன், அவங்க திணறினது அனாடமில இல்ல, இந்த அட்டெண்டன்ஸ்லதான். அப்புறம் ஹாஸ்டல் கட்டாயம்னு சொல்ற ஸ்கூல் நிறைய இருக்கு, வீட்டுல இருந்து வந்து போக விடுவாங்களான்னு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க. கடைசி ஆறு மாச இன்டர்ன்ஷிப் முழு டியூட்டி மாதிரியே இருக்கும்.

அப்ப 3 வருஷம் உங்க சம்பளம் வீட்டுக்கு வராது. அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவங்க நீங்க, உக்காந்து கணக்குப் போடுங்க, ஃபீஸ், பஸ், யூனிஃபார்ம், புத்தகம், குழந்தையை ஸ்கூல் விட்டதும் பாத்துக்கிற ஆளுக்குக் குடுக்கிறது, இதோட நின்னுபோற சம்பளத்தையும் செலவு பக்கத்துல எழுதுங்க, பல பேர் அதை எழுத மறந்துடறாங்க. அரசு ஸ்கூல்ல சீட் கிடைச்சா ஃபீஸ் ரொம்பக் கம்மி. தனியார்னா எஜுகேஷன் லோனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணலாம், பேங்குகளோட பொதுவான திட்டத்துல 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்க மாட்டாங்க, திருப்பிக் கட்டுறதும் படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும்.

சம்பளம் பத்தியும் உண்மையைச் சொல்லிடறேன். 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச கமிட்டி, 50 பெட்டுக்குக் கீழ இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில கூட நர்சுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 பெட்டுக்கு மேலன்னா அரசு நர்சுக்குச் சமமா குடுக்கணும்னு பரிந்துரை குடுத்துச்சு. பரிந்துரையா குடுத்தது இன்னைக்கும் பல ஊர்ல பரிந்துரையாவே இருக்கு, புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு அதைவிடக் கம்மியாக் குடுக்கிற ஆஸ்பத்திரி நிறைய, எனக்கு இது தீராத கோபம். அதனால முதல் ரெண்டு வருஷம் இப்ப வாங்குறதை விடக் கம்மியா வந்தாலும் வீடு ஓடுமான்னு பாத்துக்குங்க. ஐசியு, டயாலிசிஸ், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்)னு அனுபவம் சேர்ந்தப்புறம் நிலைமை மாறும். வேலைக்குச் சேரும்போது ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வச்சுக்கிற இடத்துல சேராதீங்க, இந்த பாண்டு முறையை எதிர்த்து 2012-ல சென்னையில நர்சுங்க ரோட்டுக்கு வந்து போராடினாங்க, அவ்வளவு பாடு பட்டதுக்கு அப்புறமும் நாம அதுக்குத் தலையாட்டக் கூடாது.

இன்னொண்ணு, அக்கவுண்ட்ஸ் வேலை வீணாப்போச்சேன்னு நினைக்காதீங்க. வார்டுல பாதி வேலை கணக்குதான். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்துல ஏறணும், டிரிப் ஏத்துற செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டுன்னா, 10,000 சொட்டை 480 நிமிஷத்தால வகுத்து நிமிஷத்துக்கு 21 சொட்டுன்னு ஓட விடணும், இதைப் பேஷண்ட் பக்கத்துல நின்னுக்கிட்டே போடணும். குழந்தைங்க வார்டுல மருந்து டோஸ் கிலோ கணக்கு, ஒரு புள்ளி தள்ளி வச்சா பத்து மடங்கு போயிடும். இன்டேக் அவுட்புட் சார்ட், ஸ்டாக் ரெஜிஸ்டர், ஹேண்ட் ஓவர், எல்லாத்துலயும் எழுதினதைத் திரும்பச் சரிபாக்குற கை வேணும். 18 வயசுப் பிள்ளைங்களுக்கு நாங்க வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு சொல்லிக் குடுக்கிற பழக்கம் அது, உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கும், முதல் ஆறு மாசம் வாய்க்குள்ள நுழையாது, சத்தமா படிச்சுப் படிச்சுத்தான் வரும். பையன் ஹோம் ஒர்க் பண்ற நேரத்துலயே நீங்களும் உக்காருங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, பக்கத்துல தீராத நோயில இருக்கிறவங்களைப் பாத்துக்கிற பாலியேட்டிவ் கேர் டீம் இருந்தா வாலண்டியரா வீட்டு விசிட்டுக்குக் கூடப் போய்ப் பாருங்க. உங்க அம்மாவுக்குப் பண்ணது வேற, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரோட படுக்கைப் புண்ணைத் துடைக்கிறது வேற, அந்த நாத்தத்துக்கு முன்னாடியும் நிக்கத் தோணுச்சுன்னா நீங்க இந்த வேலைக்குத்தான்.

இப்ப மாமியார். அவங்க கேக்குறதுக்குள்ள ஒரு பயம் இருக்கும்மா, புள்ளைங்க பொறுப்பு மொத்தமா தன் தலையில விழுமோன்னு. அது நியாயமான பயம். உங்க வீட்டுக்காரர் சரின்னு சொல்லிட்டார், சந்தோஷம், ஆனா சரின்னு சொல்றது வேற, சாம்பார் வைக்கிறது வேற. காலைல 6 மணிக்கு நீங்க கிளம்பினா டிஃபன் பாக்ஸ் யார் கட்டுறது, ஸ்கூல்ல இருந்து போன் வந்தா யார் போறது, நைட் டியூட்டி முடிஞ்சு வந்து பகல்ல நீங்க தூங்குற அஞ்சு மணி நேரம் கதவைத் தட்டாம யார் பாத்துக்கிறது, இதையெல்லாம் அவர் வாயாலயே அவங்க அம்மாகிட்ட சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது. இந்த மாசத்துல இருந்தே காலை வேலையை அவர் எடுத்துப் பழகட்டும், அப்புறம் ஃபீஸ் கட்டுங்க. நீங்க ஹெப்படைட்டிஸ் பி ஊசியை இப்பவே ஆரம்பிச்சுடுங்க, மூணு டோஸ் முடிய ஆறு மாசம் ஆகும்.

சிஸ்டர், நான் சேலம். 36 வயசு, டெய்லரிங் பண்ணி தனியா ஒரு பொண்ணை வளக்குறேன். ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒரே வருஷத்துல நர்சிங் டிப்ளமோ, வயசு வரம்பு இல்ல, வேலை நிச்சயம்ங்கறாங்க. 60,000 ரூபா. முதல் தவணை கட்டலாமா?
- வாசகி, சேலம்

கட்டாதீங்கம்மா. அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "இதை முடிச்சா தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல எனக்கு ரெஜிஸ்டர் நம்பர் குடுப்பாங்களா?"ன்னு. நேரா பதில் வராது. ஒரு வருஷத்துல நர்ஸ் ஆகுற படிப்பு இந்த நாட்டுல கிடையாது, இருக்கிறதுலயே குறைஞ்சது ஏ.என்.எம்.ங்கிற துணை நர்ஸ் படிப்பு, அதுவே 2 வருஷம், அதுக்கும் 35 வயசுதான் வரம்பு. கவுன்சில் வெப்சைட்ல அங்கீகாரம் உள்ள ஸ்கூல் லிஸ்ட் போட்டிருக்காங்க, அதுல பேர் இல்லாத இடத்துல யாருக்கும் பத்து பைசா கட்டக் கூடாது.

இப்படிப் படிச்சிட்டு வர்ற பொண்ணுங்களை சில ஆஸ்பத்திரிங்க கம்மி சம்பளத்துக்கு எடுத்து, வெள்ளை யூனிஃபார்ம் போட வச்சு, ஊசி போடவும் விடறாங்க. ஒண்ணு தப்பாப் போனா ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத அந்தப் பொண்ணு பக்கம் நிக்க ஒரு நாதி இருக்காது. நீங்க தனி ஆளா ஒரு பொண்ணை வளக்குறவங்க, அந்த இடத்துல போய் நிக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

உங்களுக்கு நோயாளிங்களைப் பாத்துக்கிற வேலைதான் பிடிச்சிருக்குன்னா ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்னு ஒரு பயிற்சி இருக்கு, மத்திய அரசு ஸ்கில் திட்டத்துல இலவசமாவே நடக்கிற சென்டர்கள் உண்டு, சில மாசத்துல முடிஞ்சுடும். நர்சுக்கு உதவியா குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, வீல் சேர்ல கூட்டிப் போறது இந்த மாதிரி வேலை. மரியாதையான வேலை, அந்தப் பேர்லயே செய்யலாம். தையல் மெஷினை மட்டும் வித்துடாதீங்க.

மேடம், 31 வயசு, கோவை, கொரியர் கம்பெனில வேலை. மனைவி ஸ்டாஃப் நர்ஸ், ரெண்டு வயசுல பையன் இருக்கான். அவங்கதான் என்னையும் நர்சிங் படிக்கச் சொல்றாங்க. ப்ளஸ் டூல பயாலஜி குரூப். ஆம்பளைங்களுக்கு இதுல வேலை கிடைக்குமா?
- வாசகர், கோவை

கிடைக்கும் தம்பி. கேஷுவாலிட்டி, ஆர்த்தோ, ஐசியு, ஓ.டி., டயாலிசிஸ்னு ஆண் நர்சைத் தேடுற இடம் நிறைய, ஆண் நோயாளிக்கு சிறுநீர் குழாய் (கத்தீட்டர்) போடணும்னா வார்டுல முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க. ஏ.என்.எம். மட்டும் பெண்களுக்கானது, ஜி.என்.எம்., பி.எஸ்ஸி. ரெண்டும் உங்களுக்குத் திறந்திருக்கு. ஆனா சென்ட்ரல் கவர்ன்மென்ட் கனவை வச்சு இதுக்குள்ள வராதீங்க. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பரீட்சைக்குப் பொதுப் பிரிவுல 30 வயசு, ஓ.பி.சி.க்கு 3 வருஷமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 வருஷமும்தான் கூடுதல், அதுலயும் 80 சதவீத இடம் பெண்களுக்கு. நீங்க படிச்சு முடிக்கும்போது 34, 35 ஆயிடும். மாநில அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. தேர்வுக்கு வயசு விதி வேற, சமூகப் பிரிவைப் பொறுத்து மாறும், அதை நோட்டிஃபிகேஷன்ல பாத்துக்கலாம்.

நான் யோசிக்கிறது உங்க வீட்டை. ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போனா குழந்தை யார்கிட்ட? ஒருத்தர் பகல், ஒருத்தர் நைட்னு கேட்டு வாங்குற நர்ஸ் தம்பதிங்க உண்டு, ரோஸ்டர் போடுறதுக்கு முன்னாடியே இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டா பல பேர் ஒத்துக்குவாங்க. அப்படி வாழ்றவங்க மாசத்துல ஒரு நாளாவது ரெண்டு பேருக்கும் ஒரே ஆஃப் வேணும்னு சண்டை போட்டாவது வாங்கிடணும், இல்லன்னா ஒருத்தரை ஒருத்தர் கதவு வாசல்லதான் பாத்துக்குவீங்க.

அக்கா, நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறன். 38 வயசு, சூப்பர்மார்க்கெட்டில வேலை. ரெண்டு பிள்ளையள், மூத்தவருக்கு 11, சின்னவவுக்கு 7. சிநேகிதி ஒராள் நர்சிங் படியுங்கோ எண்டு சொல்லுறா. இந்த வயசில ஏலுமோ? காசுக்கு என்ன செய்யிறது?
- வாசகி, லண்டன்

ஏலும். நீங்க இப்ப இருக்கிற லண்டன்ல நர்சிங்குக்கு வயசு உச்சவரம்பே கிடையாது, 38-ல சேர்றவங்களை அங்க யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, இங்க இருந்து போன என் ஸ்டூடண்ட்ஸ் சொல்லித்தான் எனக்கே இது பழகிச்சு. ஏ லெவல் (அங்க ப்ளஸ் டூ மாதிரி) இல்லன்னா அதுக்குப் பதிலா அக்சஸ் டிப்ளமோ ஒரு வருஷம் படிச்சிட்டு யூனிவர்சிட்டிக்குப் போகலாம், இங்கிலீஷும் மேத்ஸும் ஜி.சி.எஸ்.இ. (அங்க பத்தாங்கிளாஸ் மாதிரி) அளவுல கேப்பாங்க. டிகிரி 3 வருஷம். நர்சிங் படிக்கிறவங்களுக்குக் குடுத்த பழைய உதவித்தொகை (பர்சரி) 2017-ல நின்னு போச்சு, ஆனா 2020-ல இருந்து இங்கிலாந்துல அரசு மருத்துவ சேவையோட என்.ஹெச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்ட் இருக்கு, வருஷத்துக்கு 5,000 பவுண்டு, 15 வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா இன்னும் 2,000, திருப்பிக் கட்ட வேணாம். ஃபீஸுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் ஸ்டூடண்ட் லோன், பிள்ளைங்களைப் பாத்துக்கிற செலவுக்கு சைல்டுகேர் கிராண்ட் தனியா உண்டு. இதெல்லாம் உங்க விசா நிலைமையைப் பொறுத்தது, அதை முதல்ல உறுதி பண்ணிக்குங்க.

சம்பளம் நிக்கக் கூடாதுன்னா இன்னொரு வழி இருக்கு, நான் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஹெல்த்கேர் அசிஸ்டெண்டா ஒரு ஆஸ்பத்திரியில சேருங்க, அங்க இருந்தே நர்சுக்கு ஒரு படி கீழ உள்ள நர்சிங் அசோசியேட் அப்ரெண்டிஸ்ஷிப், 2 வருஷம், சம்பளத்தோட படிப்பு, அதுக்கு மேல படிச்சு நர்ஸ் ஆகலாம். நேரம் கூடுதலா ஆகும், ஆனா வாடகை கட்டிக்கிட்டே போகலாம்.

டிகிரிக்கே போறீங்கன்னா 2,300 மணி நேரம் பிளேஸ்மென்ட், அதாவது வார்டு பயிற்சி, முடிக்கணும். பல வார்டுல காலைல ஏழரைக்கு ஆரம்பிச்சா நைட் எட்டாகும், கிளாஸுக்கு முன்னாடியே பிள்ளைங்களை விடுற ஸ்கூல் பிரேக்ஃபாஸ்ட் கிளப் அநேகமா நீங்க வார்டுக்குள்ள போனதுக்கு அப்புறம்தான் திறக்கும், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கும் நீங்க கூட்டிப் போக முடியாத வாரம் நிறைய வரும். சொந்தக்காரர் பக்கத்துல இல்லாத நாட்டுல இதுக்கு ரெண்டு வீட்டையாவது முன்னாடியே பேசி வச்சுக்குங்க. சேர்ந்த முதல் வாரமே பிளேஸ்மென்ட் ஆபீஸ்ல சின்னப் பிள்ளைங்க இருக்குன்னு சொல்லி, வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியா கேளுங்க. கேக்காதவங்களுக்கு எங்க இடம் இருக்கோ அங்க போட்டுடுவாங்க.