கடனை அடைத்துவிட்டு வீட்டுக் காப்பீட்டை விட்டுவிடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே எல் டொராடோ ஹில்ஸில் ஒன்பது ஆண்டுகளாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். காட்டுத்தீ அபாயத்தைக் காரணம் காட்டி, காப்பீட்டு நிறுவனம் பாலிசியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஆண்டுக்கு 2,400 டாலர் கட்டிவந்தோம். இப்போது ஃபேர் பிளானும் (மற்ற நிறுவனங்கள் மறுத்த வீடுகளுக்குக் கலிபோர்னியாவில் கிடைக்கும் கடைசிப் புகலிடக் காப்பீடு) ஒரு துணைப் பாலிசியுமாகச் சேர்த்து 6,800 ஆகிறது. வீட்டுக் கடன் பாக்கி 1,40,000 டாலர், சேமிப்பு 1,60,000. சமையலறையைப் புதுப்பிக்க 30,000 தனியாக இருக்கிறது. “கடனை அடைத்துவிட்டால் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லக் கடன் கொடுத்தவர் இருக்க மாட்டார். இத்தனை வருடம் வராத தீயா இனி வரப்போகிறது?” என்கிறார் கணவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கடனை அடைத்த மறுநாள் உங்கள் கையில் 20,000 டாலரும் காப்பீடு இல்லாத ஒரு வீடும் இருக்கும். (சமையலறைப் பணத்தை நான் சேர்க்கவில்லை, அது எப்படியும் செலவாகிவிடும்.) வீட்டைத் திரும்பக் கட்ட 6 லட்சம் டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் 6,800-ஐ ஆண்டுதோறும் சேர்த்தால் அந்தத் தொகையை எட்ட 88 ஆண்டுகள் ஆகும்.

ஒன்பது ஆண்டுகள் தீ வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2021 ஆகஸ்டில் கால்டோர் காட்டுத்தீ பொசுக்கிய கிரிஸ்லி ஃபிளாட்ஸ் என்ற ஊர் உங்கள் கவுண்டியில்தான் இருக்கிறது. அங்கிருந்தவர்களும் அதற்கு முந்தைய மாதம்வரை இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

உங்கள் கணவர் மனத்தில் மலைச்சரிவிலிருந்து சுவர்போல இறங்கும் நெருப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். பல வீடுகள் அப்படி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள்தான் பற்றவைக்கின்றன. 2017-இல் சான்டா ரோசாவில் அவை 101 நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய்க் காஃபி பார்க் குடியிருப்பைக் கொளுத்தின. அது காட்டோரம்கூட இல்லை, நகரத்துக்குள் இருந்த சமதளக் குடியிருப்பு.

ஆகவே சமையலறை ஓர் ஆண்டு பொறுக்கட்டும், அந்தப் பணம் கங்குகளைத் தடுக்கப் போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி, சுவரிலிருந்து ஐந்தடிக்குள் தீப்பற்றக்கூடியது என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் என் வீட்டில் பார்த்தபோது கொல்லைக் கதவருகே தேங்காய் நார் மிதியடி, மரத்தளத்துக்கு அடியில் விறகு, கூரையோர மழைநீர்ப் பாதையில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த பைன் ஊசிகள். சுவரை ஒட்டிச் செல்லமாக வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டிகூட அந்த ஐந்தடிக்குள்தான் இருந்தது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்த ஒரு காசு செலவாகவில்லை.

பணம் கேட்பவை மூன்று. செடிகளுக்கடியில் பரப்பிய மரச்சிராய்க்குப் பதில் சரளைக்கல் போடுங்கள். வீட்டைத் தொடும் மரவேலியின் கடைசி ஐந்தடியை உலோகமாக்குங்கள். மரவேலி வெடித்திரிபோலத் தீயைச் சுவருக்கு அழைத்து வரும். கூரைக்கடியில் உள்ள பரணின் காற்றோட்டத் துவாரங்களுக்குக் கங்கு புகாத மூடி வையுங்கள், அது முடியாவிட்டால் 1/8 அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலையாவது. கூரை மாற்றும் அளவுக்குப் போகாதவரை உங்கள் 30,000-இல் பெரும்பகுதி மிஞ்சும். வேலை முடிந்ததும் படம் எடுத்து முகவருக்கு அனுப்புங்கள். இத்தகைய வேலைகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்று 2022-இலேயே மாநிலம் விதி போட்டுவிட்டது. தள்ளுபடி பெரிதாக இருக்காது. கேட்காமல் விடுவதற்கு அது காரணமல்ல.

இனி 6,800. ஃபேர் பிளான் தீ, புகை போன்ற சிலவற்றுக்குத்தான். திருட்டு, குழாய் உடைந்து நீர் புகுவது, உங்கள் வாசலில் வழுக்கி விழுந்தவர் தொடுக்கும் வழக்கு எல்லாம் துணைப் பாலிசியில் வரும். அதை வெட்டாதீர்கள். பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால், உங்கள் கைப்பணத்திலிருந்து முதலில் கொடுக்கும் டிடக்டிபிளை 5,000 அல்லது 10,000-க்கு உயர்த்திப் பாருங்கள். சேமிப்பை அப்படியே வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். இழப்பீடு தேய்மானம் கழித்தா, புதிதாகக் கட்டும் செலவுக்கா என்பதையும் கேளுங்கள், இரண்டாவதே வேண்டும்.

காப்பீட்டுத் தொகையை வீட்டின் சந்தை விலைக்கு வைக்காதீர்கள். அதில் மண்ணின் விலையும் அடக்கம், மண் எரிவதில்லை. உங்கள் ஊரில் சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு எவ்வளவு என்று இரண்டு கான்ட்ராக்டர்களிடம் கேட்டு, அதையும் வீட்டின் சதுர அடியையும் பாலிசியின் முதல் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். தொகை போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.