முன்கையின் இரண்டு எலும்பும் முறிந்தால் பிளேட்டா, கம்பியா?

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்த என் தம்பிக்கு (வயது 34) வலது முன்கையின் இரண்டு எலும்பும் நடுவில் முறிந்துவிட்டன. பிளேட் வைக்க வேண்டும் என்கிறார் ஒரு மருத்துவர். சிறு துளை வழியாகக் கம்பி செலுத்தினால் போதும், தழும்பும் இருக்காது என்கிறார் இன்னொருவர். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பிளேட். பெரியவர்களுக்கு, தோல் கிழியாமல், எலும்பின் நடுப்பகுதியில் ஏற்பட்ட முறிவு என்றால் என் பதில் அதுதான். நான் அறுவை மருத்துவர் இல்லை. அறுவை முடிந்து வருபவர்களின் கையைப் பழையபடி இயங்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட். எலும்பு கூடிவிட்டதை எக்ஸ்ரே காட்டிவிடும். உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்புகிறதா என்பதுதான் என் கவலை.

முன்கையில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னா அசையாமல் நிற்க, கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் அதன் மேல் குறுக்காகப் புரள்கிறது. கை கவிழ்வதும் மலர்வதும் இப்படித்தான். இடிக்காமல் புரள்வதற்காகவே ரேடியஸ் வில்போல லேசாக வளைந்திருக்கிறது. முறிவைச் சேர்க்கும்போது அந்த வளைவு தொலைந்தால், எலும்பு என்னதான் உறுதியாகக் கூடினாலும் கை திரும்பாது. 10 டிகிரி கோணல் பெரிதாகப் பாதிப்பதில்லை, 20 டிகிரி ஆனால் சுழற்சி கணிசமாகக் குறைகிறது என்று சடலங்களின் முன்கையில் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன.

முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கச் சொல்லி, கைப்பிடியில் ஒரு பேனாவைக் கொடுத்துத் திருப்பச் சொல்வேன். சுழற்சி போதாதவருக்குப் பேனா பாதியில் நின்றுவிடும். அவரை அறியாமலே முழங்கை இடுப்பை விட்டு விலகும், தோள் சாயும். கவிழ 50, மலர 50 டிகிரி இருந்தால் அன்றாட வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடும். அதற்கும் குறைந்தால் விபூதி வாங்கக்கூட உள்ளங்கை நேராக விரியாது.

பிளேட் வைக்கும்போது முறிவைத் திறந்து, கண்ணால் பார்த்து, வளைவை அப்படியே மீட்க முடிகிறது. வழக்கமாக 3.5 மி.மீ. திருகுகள், முறிவின் இருபுறமும் குறைந்தது மூன்று. பிளேட்டின் நீள்வட்டத் துளைகளில் திருகு இறங்கும்போது எலும்பு முனைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. 1975இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முனைகளை நெருக்கும் பிளேட் வைத்த ரேடியஸ்களில் 97.9 சதவீதமும் அல்னாக்களில் 96.3 சதவீதமும் கூடின. என் வேலைக்கு இதைவிடப் பெரிய லாபம், பொதுவாக மாவுக்கட்டு தேவையில்லை என்பது. சில நாள்களிலேயே விரலையும் முழங்கையையும் அசைக்கத் தொடங்கலாம்.

எலும்பின் உட்குழிக்குள் செலுத்தும் கம்பிக்கு வருவோம். நம் நாட்டில் தல்வால்கர் பெயரால் வழங்கும் சதுரக் கம்பி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. செலவு குறைவு, காயம் சிறிது. ஆனால் பூட்டுத் திருகு (கம்பியை எலும்போடு பிணைக்கும் திருகு) இல்லாத நேரான கம்பி ரேடியஸின் வளைவை நேராக்கிவிடலாம். முறிந்த துண்டுகள் தன் மேலேயே சுழல்வதையும் அது முழுமையாகத் தடுக்காது. அதனால் முழங்கைக்கு மேல்வரை பல வாரம் மாவுக்கட்டு போட நேர்கிறது. பிறகு முழங்கையும் இறுகிப்போய் என்னிடம் வருவார்கள். பூட்டுத் திருகுள்ள புதிய கம்பிகள் இதைவிட மேல். அதில் கைதேர்ந்தவர் செய்தால் பலன் பிளேட்டுக்கு நெருக்கமாகவே இருக்கிறது. எனவே அந்த இரண்டாவது மருத்துவரிடம், பூட்டுத் திருகு உள்ள கம்பியா, மாவுக்கட்டு எத்தனை வாரம் என்று கேளுங்கள்.

தோல் மோசமாக இருந்தாலோ, எலும்பு இரண்டு மூன்று இடங்களில் முறிந்திருந்தாலோ கம்பிக்கு நியாயம் உண்டு. குழந்தைகளுக்கும் வளையும் கம்பி நல்ல வழிதான். வளரும் எலும்பு சிறு கோணலைத் தானே சரிசெய்துகொள்ளும். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரியானதை வைத்து 34 வயதுக்காரருக்கு முடிவெடுக்க வேண்டாம்.

தழும்புக்காக ஒரே கீறலில் இரண்டு எலும்பையும் பொருத்தச் சொல்லாதீர்கள். இரண்டு எலும்பும் ஒன்றோடொன்று ஒட்டி வளரும் ஆபத்து அதில் அதிகம். ஒட்டிவிட்டால் சுழற்சி அடியோடு நின்றுவிடும். ஸ்டீலா, டைட்டானியமா என்பதில் நான் பணத்தைச் செலவழிக்கமாட்டேன். நிக்கல் ஒவ்வாமை இல்லாவிட்டால் ஸ்டீல் போதும். உறுத்தாத பிளேட்டை எடுக்கவும் வேண்டாம். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு ஆண்டாவது போகட்டும். அவசரப்பட்டு எடுத்தால் அதே எலும்பு மறுபடி முறியலாம்.

இப்போதைய அவசரம் வேறு. அறுவைக்குக் காத்திருக்கும் இந்த நாள்களில் யாராவது புத்தூர் கட்டுக்கு அழைத்தால் போகாதீர்கள். வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் தசை செத்துவிடும். கட்டு இல்லாமலும் இது நேரலாம். மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறினாலோ, விரல்களை நீங்கள் நீட்டிவிடும்போது தம்பி துடித்தாலோ, விரல்கள் மரத்தாலோ விடியட்டும் என்று பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.