ஸ்கேன் சென்டரில் கொடுத்த போன் நம்பரை விற்றுவிட்டால் சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?

செய்ய முடியுமா, இல்லை சும்மா விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ மாசமாக இருக்கிறார்கள், தொப்புள்கொடி ரத்த வங்கிக்காரர்கள் போன் போட்டுத் தொல்லை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். சும்மா விடாதீர்கள்.

போன வாரம் என் மனைவிக்கு ஒரு பள்ளியிலிருந்து போன். "மேடம், குழந்தைக்கு மூன்றரை வயசு ஆகியிருக்குமே, எல்.கே.ஜி. அட்மிஷன் ஆரம்பிச்சாச்சு." எங்களுக்குக் குழந்தை இல்லை. 2022இல் ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அந்த செப்டம்பரில், டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதிக்கு இரண்டு நாள் கழித்து, "வாழ்த்துகள் மேடம், ஆண் குழந்தையா பெண் குழந்தையா, போட்டோ ஷூட் பண்ணலாமா" என்று ஒருத்தர் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டாள். அந்த ஆள் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் போய்த்தான் கட் பண்ணினேன். "ஒரு கால்தானே, பிளாக் பண்ணிட்டுப் போங்க" என்று கமென்டில் எழுத நினைப்பவர்கள் இதை இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள்.

எங்கிருந்து வெளியே போனது என்று எனக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் முடியவில்லை. நாங்கள் போன ஸ்கேன் சென்டரில் கவுன்டர் மேல் ஒரு நீள நோட்டு கிடக்கும். பெயர், கணவர் பெயர், ஊர், செல், கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, பிரசவத் தேதி என்று சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். டோக்கனுக்கு நிற்கிற எவரும் தலைகீழாகவே படிக்கலாம். நானே எனக்கு மேலே இருந்த ஏழெட்டுப் பேரின் தேதியைப் படித்தேன். ஒரு நாள் தோளில் பை மாட்டிய பையன் ஒருவன் அந்த நோட்டுக்கு மேல் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். டவர் கிடைக்கவில்லை போல என்று நினைத்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை, ஒரே ஆள் டோக்கனும் கொடுத்து, பில்லும் போட்டு, போனையும் எடுத்தால் நோட்டை எப்படிக் காவல் காக்க முடியும்?

விவரம் கொடுக்க மாட்டேன் என்று அங்கே அடம்பிடிக்கவும் முடியாது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 'படிவம் எஃப்' எழுதியே ஆக வேண்டும், அதில் முகவரியும் தொடர்பு எண்ணும் உண்டு, 2 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். அந்தச் சட்டம் அவசியமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதை எந்தச் சட்டமும் கவுன்டரில் விரித்துப் போடச் சொல்லவில்லை.

சொந்தக்கார வக்கீல் ஒருவரிடம் போனேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவும் 2011ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன, மருத்துவ விவரம் அதில் 'கூருணர்வுத் தகவல்' (சென்சிட்டிவ் டேட்டா) வகையில் வருகிறது, அனுமதி இல்லாமல் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் தீர்ப்பு அதிகாரி, 5 கோடி ரூபாய் வரைக்கும் அவரிடமே இழப்பீடு கேட்கலாம் என்றார். எனக்குத் தெம்பாக இருந்தது. அப்புறம் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல இருந்து போச்சா, நோட்டுல இருந்தா? உங்களுக்கு நஷ்டம் எத்தனை ரூபாய்?" இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அதை வைத்து ஆறு வருஷம் கழித்து, 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அபராதம் 250 கோடி வரை என்று எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு இதில் இழப்பீடு கிடையாது, போதாததற்கு 43ஏ பிரிவையும் எடுத்துவிடப் போகிறார்கள். பேப்பரில் மட்டும் இருக்கும் விவரத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, கணினியில் ஏற்றினால்தான் பொருந்தும். மருத்துவ விவரத்துக்கென்று தனி வகையும் இல்லை, பழைய வரைவுகளில் இருந்தது, கடைசியில் காணோம். சட்டமே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான், இது போதாது என்கிறேன்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும், நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நம் தகவலைக் காக்கும் முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள், அதாவது 2027 மே. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலனைப் பார்த்துத் தனிநபர் விவரத்தைத் தரலாம் என்று இருந்த வாசகத்தை நீக்கிய திருத்தம் மட்டும் உடனே அமலுக்கு வந்துவிட்டது. ஜனவரியில் எங்கள் ஊரில் வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்குப் பணம் போயிருக்கிறது என்று மனு போட்டேன், 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியில் பதில். என் மனைவியின் பிரசவத் தேதி ஊருக்கே தெரியலாம், ஊர்ப் பணம் யாருக்குப் போனது என்று மட்டும் எனக்குத் தெரியக் கூடாதா?

சரி, உங்கள் விஷயம். கால் வந்த நம்பர், தேதி, நேரம் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கையோடு தொல்லை அழைப்புகளுக்கான 1909 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் 7.14 சொல்கிறது. டாக்டரே சம்பந்தப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். 2027 மேக்குப் பிறகு, அந்த 2023 சட்டப்படி, என் தகவலை வேறு எந்தெந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தாய் என்று கேட்டு வாங்கும் உரிமை வருகிறது, அழிக்கச் சொல்லும் உரிமையும். அந்தச் சட்டத்தில் பொய்ப் புகார் கொடுத்தால் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, அதனால் சான்று இல்லாமல் போகாதீர்கள். இப்போதைக்கு ஸ்கேன் சென்டருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்குங்கள்.

நானும் அப்படி ஒன்று கொடுத்தேன், பதில் வரவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து என் தங்கச்சியோடு போனபோது அந்த நோட்டு கவுன்டர் மேல் இல்லை, உள்ளே டிராயரில் இருந்து எடுத்து எழுதினார்கள்.